ஓசை இல்லாத இருபதாவது ஆட்டம்

சிங்கப்பூரிலிருந்து நான் மும்பைக்குக் கொண்டுபோனவை மூன்று. அக்காவுக்கு ஒரு பிஸ்கட் டின், அத்திம்பேருக்கு முதுகு சொறியும் மூங்கில் கோல், என் சட்டைப்பையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு விளையாட்டுப் பெட்டி. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி மற்ற இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன?" என்று இந்தியில் கேட்டார்.

"பழைய டிவி கேம் மாதிரி சார். புதிதாகச் செய்தது."

"பழையதா, புதிதா?" என்றவர் பதிலுக்குக் காத்திராமல் திருப்பித் தந்துவிட்டார். நானும் என் கூட்டாளி வெய்மிங்கும் மூன்று வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் கேள்வியை அந்த மனிதர் அரை நிமிடத்தில் கேட்டுவிட்டார்.

எங்களுடையது கம்பெனி என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்பட வேண்டிய அளவுக்குச் சிறியது. தொண்ணூறுகளில் டிவியில் செருகி விளையாடிய பெட்டியைப்போல ஒன்றைக் கைக்குள் அடங்கும்படி செய்கிறோம். உள்ளே இருபது ஆட்டங்கள். பத்தொன்பது முடிவாகிவிட்டன, எல்லாம் பழையவை. வெய்மிங்கின் கட்சி தெளிவானது. பழைய பெட்டியை வாங்குகிறவன் பழைய ஆட்டத்துக்காகத்தான் வாங்குகிறான். வீட்டில் தனியாக உட்கார்ந்து புது ஆட்டம் செய்கிறவர்களுக்கெல்லாம் இடம் கொடுக்க நாம் என்ன சத்திரமா நடத்துகிறோம் என்பான். நானும் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். ஆனால் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆளுக்கு ஓர் ஆட்டத்தைத் தன் இஷ்டப்படி சேர்க்கலாம், மற்றவர் வாய் திறக்கக் கூடாது. வெய்மிங் தன் பங்கை முதல் வருடமே தீர்த்துவிட்டான். இருபதாவது இடம் என்னுடையது.

அதை நான் ஏணி ஆட்டத்துக்கு வைத்திருந்தேன். மாட்டுங்காவில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் நானும் விஜி அக்காவும் ஆடிய ஆட்டம் அது. டிவி பெட்டியில் செருகும் காட்ரிட்ஜின் மேல் 999 ஆட்டங்கள் என்று போட்டிருக்கும். உள்ளே ஏழெட்டுதான் இருக்கும், அவையே வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒரு தொப்பிக்காரன் ஏணி ஏணியாக ஏறுவான், மேலிருந்து கழுகு கொத்த வரும். திரையில் இருந்த எழுத்தைப் படிக்கத் தெரியாததால் அதன் உண்மைப் பெயர் எங்களுக்குத் தெரியாது. செய்தவர் யார் என்பது, இன்று அதன் உரிமையை எங்களுக்குத் தரத் தயாராக இருக்கும் கம்பெனிக்கே தெரியவில்லை. ஆனால் அந்த ஆட்டத்தின் பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் முனகுவேன்.

சில மாதங்களுக்கு முன் தாராவியிலிருந்து ஜெபா என்ற பெண் ஓர் ஆட்டத்தை மின்னஞ்சலில் அனுப்பினாள். பெயர், 'அப்பா தூங்குதாரு'. ஒரே அறை. தரையில் ஒருவர் படுத்திருப்பார். ஒரு சிறுமி வாசலிலிருந்து அவரைத் தாண்டிப் பரணுக்கு ஏற வேண்டும். அவர் எப்போது விழிக்கப்போகிறார் என்பதற்குக் கால் பெருவிரல், போர்வை மடிப்பு, மூச்சு என்று ஒவ்வொன்றிலும் அடையாளம் இருக்கும். கெட்டிக்கார வேலை. ஆனால் ஒரு சத்தமும் கிடையாது. முடிக்காமலே அனுப்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். பாட்டு சேர்த்தால் தேறுமா பார்ப்போம் என்று எங்களுக்கு இசை போட்டுத் தருகிறவரிடம் சொல்லித் துள்ளலாக ஒன்று சேர்த்தும்விட்டேன். தேறாவிட்டால் இல்லை என்பதை நேரில் சொல்வதுதான் மரியாதை. அக்காவைப் பார்த்தும் நாளாயிற்று. அட்டைப்பெட்டி அச்சுக்குப் போக வேண்டும், சனிக்கிழமை மத்தியானத்துக்குள் பெயரைச் சொல் என்று வெய்மிங் கெடு வைத்திருந்தான்.

வியாழக்கிழமை செம்பூரில் அக்கா வீட்டில் இறங்கினேன். "வாடா, ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்றாள். நான் கிளம்பும்போது எடை பார்த்தேன், கூடியிருந்தது. சேனை எரிசேரியும் பப்படமும் முடிந்த கையோடு பெட்டியை அவள் கையில் கொடுத்து ஏணி ஆட்டத்தைப் போட்டேன்.

பாட்டு வந்த அடுத்த நொடி அவள் முகம் பதின்மூன்று வயதுக்குப் போய்விட்டது. "ஐயோ, இந்தப் பாட்டு! இந்த இடத்துல அப்பா பேப்பரை மடக்கிண்டு ஒரு முறை முறைப்பாரே!" என்று சிரித்தாள். மூன்று தளம் ஏறினாள், கழுகு கொத்தியது. இன்னொரு முறை ஏறினாள். பத்து நிமிடம் இருக்கும், பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவ்வளவுதானாடா இது? அப்போ எவ்வளவு பெரிசா இருந்தது! இரு, நாளைக்கு மாவு அரைக்கணும்."

மூன்று வருடம் காத்து வைத்திருந்த இடம். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தாள் ஜெபா. 'பன்னெண்டுக்கு மேல வேண்டாம் சார்' என்று எழுதியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்திம்பேர் அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஆபீஸ் பஸ்ஸிலேயே போய்வந்தவர். தாராவிக்குச் சயானில் இறங்க வேண்டும் என்று அவர் எனக்கு ரயில் பாடம் எடுத்தார். "குர்லாவுல மாறு. ஸ்லோ வண்டியா பாத்து ஏறு. ஃபாஸ்ட்ல ஏறினா சயான்ல நிக்காது." இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கே சொல்லித் தருகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

குர்லாவில் கூட்டம் என்னைத் தூக்கி ஒரு வண்டிக்குள் வைத்தது. சிங்கப்பூரில் ரயிலுக்கு நாம் ஏற வேண்டும். இங்கே ஏற்றிவிட ஆள் இருக்கிறார்கள், சம்பளம் கேட்பதில்லை. கதவோரம் நின்றவர் நான் சயானுக்காக முண்டுவதைப் பார்த்து, "சயானா? இது ஃபாஸ்ட், அடுத்து தாதர்தான். எந்த ஊர் உங்களுக்கு?" என்று இந்தியில் கேட்டார். மாட்டுங்கா என்று சொல்ல வாய் வரவில்லை. "சிங்கப்பூர்" என்றேன். "அதானே" என்று ஆதரவாகத் தலையாட்டினார். சயான் போயிற்று, மாட்டுங்காவும் ஜன்னலில் ஓடிப் போயிற்று. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் யானை இவ்வளவு அசடு வழிந்திருக்காது.

தாதரிலிருந்து ஸ்லோ வண்டியில் திரும்பினால் முதலில் வருவது மாட்டுங்கா. ஒரு காபி மட்டும் என்று இறங்கினேன். அது பொய் என்று எனக்கே தெரியும். எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த உயரமான கட்டடம் நின்றது. காவல்காரர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். மூன்றாவது மாடி எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று கண்ணால் அளந்து பார்த்தேன். அங்கே இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

காபிக் கடையில் வழக்கம்போல முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார வைத்தார்கள். ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டவர் போலிருந்தது, மடித்த பேப்பரும் தோல்பையுமாக. நான் பெட்டியை எடுத்து நோண்டியதும் எட்டிப் பார்த்தார்.

"ஏய், ஏணிக்காரன்னா இது! எங்காத்துல நானும் தம்பியும் இதுக்காக அடிச்சிண்டிருக்கோம். ஒரு தடவை குடுங்கோ."

கொடுத்தேன். அந்தப் பாட்டை அவரும் முனகினார். "கை மறக்கலே பாருங்கோ!" என்று பக்கத்து மேஜைக்கும் கேட்கச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, இரண்டாவது காபி சொன்னேன். அதற்குள் அவருடைய ரவா தோசை வந்தது. பெட்டியைத் துடைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு தடவை ஆடுங்களேன்."

"போறும் சார். பாத்தாச்சு."

சாம்பாரில் மனம் ஊன்றிவிட்டார். பாத்தாச்சு என்ற அந்தச் சொல் மட்டும் என்னோடு எழுந்து வந்தது. மணி பார்த்தபோது ஒன்று ஆகியிருந்தது.

தாராவியின் லேபர் கேம்ப் பகுதியில் பெரிய தெருவின் இரைச்சலிலிருந்து ஜெபா எழுதியிருந்த சந்துக்குள் திரும்பியதும் சத்தம் நின்றது. தாராவியில் இப்படி ஓர் அமைதியா, சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமைகூட இதைவிடக் கூச்சலாக இருக்குமே என்று வியந்துகொண்டே போனேன். ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், நான் வழியை மறித்தும் மணி அடிக்கவில்லை. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாளிடம் உரக்க, "ஜெபா வீடு எதும்மா?" என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டு வாய் திறக்காமல் மூன்றாவது வீட்டைக் கையால் காட்டினார். மரியாதை தெரியாத மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபாவுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் பில் போடும் வேலை. எனக்காக லீவு போட்டிருந்தாள். கதவைப் பாதி திறந்து, "வெளிய போயி பேசுவமா சார்?" என்று கிசுகிசுத்தாள். வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்தவன் நான். "பரவாயில்லம்மா, இங்கேயே காட்டிடறேன்" என்று உள்ளே நுழைந்துவிட்டேன். கண் இருட்டுக்குப் பழகவில்லை. கவிழ்த்து வைத்த இட்லிப் பாத்திரங்களும் கிரைண்டரும் மட்டும் தெரிந்தன. "உனக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்று சொல்லிப் பெட்டியை முடுக்கினேன்.

நாங்கள் சேர்த்த பாட்டு துள்ளிக்கொண்டு கிளம்பியது.

என் காலடியில் ஒரு போர்வை அசைந்தது. ஒருவர் எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தும் திறக்காமலும் எழுந்து போய் அடுப்பில் பெரிய பாத்திரத்தை ஏற்றித் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். "ரெண்டு ஆய்ட்டா? ஏன் எழுப்பல?" என்றார்.

ஜெபா ஓடிப்போய்ப் பாத்திரத்தைப் பிடித்தாள். "எப்பா, இன்னும் பகலுதான். படுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த செம்பைப் பார்த்தார். "வாங்க" என்றார் தூக்கக் கலக்கத்திலும் மரியாதை மாறாமல். பிறகு படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் பாட்டு நிற்கும் என்பதே மறந்துபோய்விட்டது. நான் செய்த பெட்டி.

தெருமுக்கில் ஒரு டீக்கடையில் நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"எங்க சந்துல பாதி இட்லி வீடு சார். விடியும் முன்ன ரெண்டு மணிக்கு எந்திச்சி அவிச்சி, சைக்கிள்ல கொண்டுபோயி வித்துட்டு வந்து, பன்னெண்டுக்குத்தான் படுப்பாங்க. அஞ்சு மணி வரைக்கும் யாரும் சத்தம் போட மாட்டோம். சின்னதுல நானும் எங்கண்ணனும் ஸ்கூல் விட்டு வந்து டிவி கேம் வெளையாடுவோம்லா, எப்பவும் மியூட்டுதான். அதுல பாட்டு உண்டுங்கதே எங்களுக்குத் தெரியாது."

"ஏணி ஆட்டம் ஆடியிருக்கியா?"

"ஆடாமலா! தொப்பிக்காரன்." கையால் கழுகு கொத்துவதுபோல் காட்டினாள்.

பாட்டோடு போட்டுக் கொடுத்தேன். தெரு இரைச்சலில் காதோடு ஒட்டவைத்துக் கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுதானா?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா மியூட்டுல ஆடயில நாங்களா மனசுக்குள்ள வேற பாட்டு போட்டு வச்சிருந்தோம்."

பெட்டியைத் திருப்பித் தந்துவிட்டு டீயை முழுசாகக் குடித்தாள். "என் ஆட்டத்துக்குப் பாட்டு வேண்டாம் சார். வச்சாத்தான் எடுப்பீங்கன்னா, என் ஆட்டமே வேண்டாம்."

"இடம் கிடைக்காமலே போயிடுமே."

"லேப்ல எல்லார்ட்டயும் சிங்கப்பூர் போவுதுன்னு சொல்லிட்டேன்" என்றபோது குரல் தடுமாறியது. "போகாட்டி போவட்டும். அந்த ஏணி ஆட்டத்த செஞ்சது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"அதுக்குத்தான் ஒங்களுக்கு அனுப்புனேன். என் பேரு போட்டு ஒண்ணு இருக்கட்டும்னு. என் பேரு போட்டா அது என் வீடு மாதிரி இருக்கணும்லா?"

நாளைக் காலையில் பத்து மணிக்கு, பத்து மணிக்கே, வருகிறேன் என்றேன். செம்பூருக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். பழைய ஆட்டங்களை இன்று யாரும் செல்போனில் சும்மாவே ஆடலாம். நாங்கள் விற்பது ஆட்டமே இல்லை, ஒரு தரம் திரும்பிப் பார்ப்பது. அக்கா பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டாள், தோசைக்காரர் அதற்கு முன்பே. அப்படியானால் பத்தொன்பது ஆட்டமும் வீண் என்று சொல்லத் துணிவில்லை. அக்கா சிரித்த சிரிப்பு வீணா? ஆனாலும் இவளைப்போன்றவர்களுக்கு இடம் இல்லையென்றால் எங்கள் பெட்டி ஒரு போட்டோ ஆல்பம்தான். இவ்வளவு தெளிவாக யோசித்தும் ஏணிக்காரனை விட மனம் வரவில்லை. அவனை விட்டால் மூன்றாம் மாடி எனக்கு எதில் மிஞ்சும்?

சனிக்கிழமை ஸ்லோ வண்டியைப் பார்த்து ஏறினேன். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சந்தில் நின்றேன். இப்போது அங்கே ஊர்ப்பட்ட சத்தம். கீரைக்கார அம்மாள் நேற்று பேசாததற்கும் சேர்த்துப் பேசினார். "நேத்து வந்து தங்கராஜ் அண்ணன எழுப்பிவிட்ட ஆளு நீங்கதான? காலையில இட்லிக் குண்டான்லயே தூங்கி விழுந்தாரு!" சந்தே சிரித்தது.

ஜெபாவின் அப்பா தங்கராஜ் சைக்கிளிலிருந்து காலிப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும் முன் மிச்சமிருந்த நாலு இட்லியும் காரச் சட்னியும் தட்டில் வந்துவிட்டன. "சாப்பிட்டுட்டுப் பேசுங்க" என்றார். பூப்போன்ற இட்லி. சிங்கப்பூரில் இதே பெயரில் நான் தின்பது வேறு ஏதோ பண்டம்.

பாட்டை எடுத்துவிட்டு ஆட்டத்தை அவரிடம் நீட்டினேன். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். மகள் இத்தனை நாள் கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள் என்று அவர் பார்த்ததே இல்லையாம்.

"இந்தப் படுத்துக் கெடக்கது யாரு, நானா?"

"ஆமாப்பா."

அவர் விரல் தடுமாறியது. சிறுமி அண்டாவில் இடித்துக்கொண்டாள், திரையில் அப்பா எழுந்து உட்கார்ந்தார், ஆட்டம் முடிந்தது. தங்கராஜ் பெட்டியை மகளிடம் நீட்டினார்.

"இது தப்புல்லா" என்றார்.

"எதுப்பா?"

"நான் முழிச்சிட்டா ஆட்டம் முடிஞ்சிரும்னு வச்சிருக்க. நான் பாதி நாளு முழிச்சித்தான கெடந்தேன்."

ஜெபா பெட்டியைக் கீழே வைத்தாள்.

"எந்திச்சா நீங்க ரெண்டு பேரும் டக்குனு நிறுத்திட்டுப் புஸ்தகத்த எடுத்துருவீங்க. வெளையாடுத புள்ளைய ஏன் கெடுக்கணும்னு கண்ண மூடிட்டு கெடப்பேன். அண்ணன் தோத்தா நீ வாயப் பொத்திட்டு சிரிப்ப பாரு, அதுக்காவ லேசா ஒரு கண்ணத் தொறந்து பாத்துட்டு மூடிக்கிடுவேன்."

"தூங்கவே மாட்டீங்களாப்பா?"

"தூங்குன நாளும் உண்டுட்டி" என்று சொல்லிவிட்டு அவர் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டார். ஜெபா முகத்தைத் திருப்பிக்கொண்டு கிரைண்டர் மேல் இருந்த துணியை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

நான் சந்துக்கு வந்து வெய்மிங்கைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னேன்.

"சத்தத்தோடுதானே?" என்றான்.

"சத்தம் கிடையாது."

"பெட்டி ரிப்பேர் என்று திருப்பி அனுப்பப்போகிறார்கள்."

"அட்டையில் அச்சடித்துவிடுவோம், வீட்டில் யாரோ தூங்குகிறார்கள் என்று."

"மூன்று வருடமாக அந்த ஏணி ஆட்டத்துக்காக என் உயிரை எடுத்தாயே, அது?"

"அதைப் பார்த்தாச்சு" என்றேன். சொல்லும்போது கண் கலங்கியது, அது அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒப்பந்தப்படி அவன் வாய் திறக்கவில்லை.

உள்ளே போய்ச் சொன்னதும் ஜெபா குதிக்கவில்லை. "ஒரு வாரம் டைம் குடுங்க சார். கடைசிய மாத்தணும்" என்றாள்.

ஊர் திரும்பிப் பத்தாவது நாள் கோப்பு வந்தது. வேலைக்குப் போகும் ரயிலிலேயே பெட்டியில் ஏற்றி ஆடினேன். சுற்றிலும் எல்லாரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தார்கள், எனக்கு அது தேவைப்படவில்லை. நாலைந்து முறை தோற்று, ஒருவழியாகச் சிறுமியைப் பரணில் ஏற்றினேன். வெற்றி என்று எழுத்து வரவில்லை, பூ கொட்டவில்லை. சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழே படுத்திருந்தவர் ஒரு கண்ணை லேசாகத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பிறகு இரண்டு பெயர்கள் வந்தன. ஜெபா. தங்கராஜ்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டிருந்தது. அதற்கடுத்ததும்.